ஹெர்பீஸ் கொப்புளமும் சாப்பாடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உதட்டோரத்தில் முதலில் ஒரு குறுகுறுப்பு, லேசான எரிச்சல். மறுநாள் கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். அவை உடைந்து, பொருக்குத் தட்டி, பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானாகவே ஆறிவிடும். குழப்பமெல்லாம் தொடங்குவது இங்கேதான். மூன்றாம் நாள் ஏதோ ஒரு மாத்திரையை ஆரம்பித்தவருக்கு எட்டாம் நாள் புண் ஆறினால், பேர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. இந்தப் புண்ணைக் கொண்டுவரும் ஹெர்பீஸ் வைரஸுக்கான சாப்பாட்டு யோசனைகள் பலவும் இப்படிப் பேர் வாங்கியவைதான்.

அவற்றில் பிரபலமானது, வேர்க்கடலை, பாதாம், சாக்லேட் மூன்றையும் அடியோடு நிறுத்தச் சொல்வது. இந்த யோசனை வெறும் கட்டுக்கதை இல்லை. அர்ஜினின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் துண்டுகளில் ஒன்று) கிடைக்காவிட்டால் ஹெர்பீஸ் வைரஸ் பெருகத் திணறுகிறது என்று 1960களிலேயே ஆய்வகத்தில் பார்த்தார்கள். லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அர்ஜினினோடு போட்டி போடும் என்பதால், அர்ஜினினைக் குறை, லைசினைக் கூட்டு என்ற சூத்திரம் பிறந்தது. ஆனால் ஆய்வகக் கிண்ணத்தில் வளரும் செல்லுக்கு நாம் கொடுப்பதுதான் சாப்பாடு. நம் உடம்போ அர்ஜினினைத் தானே தயாரித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, 'சாப்பிடலாம்' பட்டியலில் இருக்கும் மீனிலும் இறைச்சியிலும்கூட அர்ஜினின் நிறையவே உண்டு. பாதாமை ஒதுக்கி வைரஸைப் பட்டினி போட்டுவிட முடியாது. கொட்டைகளையும் விதைகளையும் விலக்கிவிட்டு, அவற்றில் இருந்த துத்தநாகத்துக்காக (சிங்க்) தனியாக மாத்திரை வாங்குபவர்களை என்ன சொல்வது!

'எனக்கு சாக்லேட் சாப்பிட்டாலே வருகிறது' என்பவர்களும் உண்டு. சரி, அந்தச் சாக்லேட்டை எப்போது சாப்பிட்டீர்கள்? பரீட்சைக்கு முந்தைய இரவு, தூக்கமில்லாமல், பதற்றத்தோடு என்றால் சந்தேகப்பட வேண்டியது சாக்லேட்டை மட்டும் அல்ல. காய்ச்சல், கடும் வெயில், மன அழுத்தம், மாதவிடாய் எல்லாமே நரம்பு முடிச்சில் தூங்கும் வைரஸை எழுப்பக்கூடியவை. புண் எப்போது வருகிறது என்று குறிப்பு எழுதினால் இவற்றையும் சேர்த்து எழுதுங்கள். புளிப்பும் உப்பும் புண்ணில் பட்டால் எரியும், அவ்வளவுதான். அவையே புண்ணைக் கொண்டுவந்தன என்று அர்த்தமில்லை.

அடுத்தது லைசின் மாத்திரை. உதட்டுப் புண் திரும்ப வராமல் தடுக்கும் வழிகளை அலசிய 2015ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பில், லைசின் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதிக அளவில் எடுத்தபோது சிலருக்குப் பலன் தெரிந்ததாகச் சொல்லும் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. தினம் ஒரு கிராமுக்குக் குறைவாக எடுத்து எதையும் எதிர்பார்க்க முடியாது. அதற்காக இஷ்டத்துக்கு அளவைக் கூட்டினால் வயிற்றுவலியும் பேதியும் வரலாம். லைசின் கால்சியம் உறிஞ்சப்படுவதைக் கூட்டும். கால்சியம் மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

துத்தநாகத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. மல்டிவைட்டமினில் கொஞ்சம், 'இம்யூனிட்டி' மாத்திரையில் கொஞ்சம், அப்புறம் தனி சிங்க் மாத்திரை என்று மூன்று டப்பாவிலிருந்து சேர்கிறது. பெரியவர்களுக்கு உச்ச வரம்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு 40 மில்லிகிராம். அதைத் தாண்டி மாதக்கணக்கில் போனால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகையும் கைகால் மரத்துப்போதலும் வரலாம். லேபிளையும் கவனித்துப் படிக்க வேண்டும்: சிங்க் குளுக்கோனேட் 50 மில்லிகிராம் என்றால் அதில் துத்தநாகம் சுமார் 7 மில்லிகிராம்தான்.

வாய்க்குள், கன்னத்தின் உள்பக்கம் அடிக்கடி வரும் வெள்ளைக் குழிப்புண் பெரும்பாலும் ஹெர்பீஸே அல்ல. அதற்கு பி12, இரும்பு, ஃபோலேட் குறைபாடு காரணமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

இவ்வளவிலும் அதிகம் கெடுப்பது தாமதம். அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் அந்தக் குறுகுறுப்பு தொடங்கும்போதே ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். 'இரண்டு நாள் லைசின் போட்டுப் பார்ப்போம்' என்று காத்திருந்தால் அந்த நேரம் கைநழுவிவிடும். அடிக்கடி வருபவர்களுக்குத் தினசரித் தடுப்பு மாத்திரையே உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். இந்த வைரஸ் கண்ணையும் தாக்கலாம்; கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை ஊற்றினால் நிலைமை மோசமாகலாம்.

சப்ளிமென்ட் சாப்பிடுவதால் மற்றவர்களுக்குத் தொற்றாது என்று நினைப்பதும் ஆபத்து. புண் இல்லாத நாளிலும் வைரஸ் வெளியேறலாம். உதட்டில் கொப்புளம் இருக்கும்போது, எந்த மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, பிறந்த குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. அந்த வயதில் இந்தத் தொற்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.