உயிலில் பெயர் இல்லையா? தேடலை நிறுத்த வேண்டாம்

காலனிக் கால வர்ஜீனியாவில் மூதாதையரைத் தேடுபவர்கள் முதலில் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்ற உயில் பதிவேட்டைப் புரட்டுங்கள். மூத்த மகனின் பெயர் அதில் காணப்படாவிட்டால், அப்படி ஒருவர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தந்தை முன்பே நிலத்தை எழுதிக் கொடுத்திருக்கலாம். நிலப் பத்திரங்களையும் பாருங்கள்.

பலர் தடுக்கி விழுவது உறவுச் சொற்களில்தான். அக்கால ஆங்கிலத்தில் ‘கசின்’ உடன்பிறந்தாரின் பிள்ளையாகவும் இருக்கலாம். ‘சன் இன் லா’ என்பவர், மருமகனாக இல்லாமல், மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். ‘ஜூனியர்’ என்பது சில வேளைகளில் அதே ஊரில் அதே பெயர் கொண்ட இளையவரை மட்டுமே குறித்தது. ஒரு சொல்லை நம்பி வம்சாவளியை வரைந்துவிட்டால் தலைமுறைகளே இடம் மாறிப்போகும்.

1752-க்கு முன் ஆங்கிலேயக் காலனிகளில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. எனவே 1731 மே மாதம் எழுதிய உயில் 1731 பிப்ரவரியில் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டதாக இருந்தால் அது பிழையல்ல; இன்றைய கணக்கில் அது 1732 பிப்ரவரி.

இறந்தவரின் சொத்துப் பட்டியலை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்களின் பெயர்கள் கால்நடைகளுக்கும் பாத்திரங்களுக்கும் நடுவே அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அவர்களின் சந்ததியினர் பலருக்கு அந்த வரியே கிடைக்கும் ஒரே தடயம். கண்ணில் பட்டால் கவனமாகப் படியெடுத்து வையுங்கள்.