பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தைரொயிட்: எப்போது சோதிப்பது, குளிசையை எப்படிப் போடுவது

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்போது தாய்க்கு நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, உடம்பு வற்றிக்கொண்டு போகிறது. "பால் குடுக்கிற உடம்பு, அப்பிடித்தான்" என்பார்கள் வீட்டில். ஏழாம் மாதம் அதே தாய் எழும்பவே மாட்டாமல் கிடக்கிறாள். முடி கொத்தாக உதிர்கிறது, மலம் இறுகுகிறது, பால் குறைகிறது. இப்போது "நித்திரை முழிப்பு" என்பார்கள். இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம்: பேற்றுக்குப் பின் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் வரும் அழற்சி. ஏறத்தாழ இருபது தாய்மாரில் ஒருவருக்கு இது வருகிறது. கருச்சிதைவுக்குப் பிறகும் வரும்.

கர்ப்ப காலத்தில் தாயின் நோயெதிர்ப்பு தணிந்திருக்கும். பேறு முடிந்ததும் அது திரும்ப எழும்பும். சிலருக்கு எழும்பும் வேகத்தில் தன் தைரொயிட் சுரப்பியையே தாக்கும். குளக்கட்டு உடைத்தால் என்ன நடக்கும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முதலில் வயலெல்லாம் வெள்ளம், பிறகு குளம் வறண்டுபோகும். சுரப்பி சேமித்து வைத்த ஓமோன் ஒரேயடியாக இரத்தத்தில் கசிவது முதற்கட்டம். பேறு கழிந்து 1 முதல் 6 மாதத்துக்குள் வரும். சேமிப்புத் தீர்ந்து, காயப்பட்ட சுரப்பி புதிதாகச் சுரக்க மாட்டாமல் இருப்பது இரண்டாம் கட்டம். பெரும்பாலும் 4 முதல் 8 மாதத்துக்குள் தொடங்கும். எல்லோருக்கும் இரண்டும் வருவதில்லை. பலருக்கு இரண்டாவது மட்டுமே வரும்.

ஆகவே இரண்டாம் மாதம் செய்த ஒரு சோதனை சரியாக இருந்தது என்பதற்காக அதோடு விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் தடுப்பூசி நாள்களை உங்கள் நாட்காட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். 2, 4, 6, 9ஆம் மாத ஊசிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் படபடப்பு, நடுக்கம், களைப்பு, குளிர் தாங்காமை, மனச்சோர்வு என எது இருந்தாலும் குடும்பநல மாதுவிடம் வாய்விட்டுச் சொல்லி, ரி.எஸ்.எச். (தைரொயிட்டைச் சுரக்கத் தூண்டி மூளையடியிலிருந்து வரும் சமிக்ஞை) இரத்தச் சோதனை கேளுங்கள். முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், முன்பு ஒரு பேற்றுக்குப் பின் இது வந்தவர்கள், தைரொயிட்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருப்பதாக ஏற்கெனவே கண்டவர்கள் அறிகுறி வரும்வரை காத்திருக்கக்கூடாது. 3ஆம், 6ஆம் மாதங்களில் சோதித்தே ஆகவேண்டும்.

இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ விடிய பஸ் ஏறுகிற தாய்மார் சாப்பிட்டுவிட்டே போகலாம். முடி உதிர்வுக்கென்று பயோட்டின் கலந்த குளிசை போட்டால், இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அது பெறுபேற்றைப் பிழையாகக் காட்டும்.

ரி.எஸ்.எச். வழமையாக 0.4 முதல் 4 வரை இருக்கும். தைரொயிட் ஓமோன் கூடினால் இது குறையும், அந்த ஓமோன் குறைந்தால் இது ஏறும். பலர் தலைகீழாக விளங்கிக்கொள்வது இதைத்தான். பேற்றின்போது பெருமளவு இரத்தம் போய், பிறகு பாலும் சுரக்காமல் மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால் ரி.எஸ்.எச். மட்டும் போதாது. பழுது மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் இருக்கலாம். அப்படியானால் ரி.எஸ்.எச். சரியாக இருப்பதுபோலவே காட்டும். வைத்தியரிடம் அந்த இரத்தப்போக்கைச் சொல்லி, தைரொயிட் ஓமோனையே நேரே அளக்கும் ரி-4 சோதனையும் கேளுங்கள்.

முதற்கட்டத்தில் காபிமசோல் குளிசை பயன்படாது. அது புதிய சுரப்பைத்தான் மறிக்கும். வாய்க்காலை மறித்து உடைத்த கட்டை அடைக்க முடியாது. படபடப்பு கடுமையானால் புரொப்பிரனலோல் சில வாரம் கொடுப்பார்கள். இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். கண் முன்தள்ளினால், அல்லது இந்தக் கட்டம் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அது சுரப்பி விடாமல் கூடுதலாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேறு. கதிரியக்க அயடின் தருவதாகச் சொன்னால் தாய்ப்பால் கொடுப்பதை உடனே தெரிவியுங்கள். பாலூட்டும்போது அது கூடவே கூடாது.

இரண்டாம் கட்டத்தில் ரி.எஸ்.எச். 10க்கு மேல் போனால், அல்லது அதற்குக் கீழே இருந்தும் உடம்பு முடியாமல் இருந்தால், தைரொயிட் ஓமோனுக்கு ஈடான தைரொக்சின் குளிசை தொடங்குவார்கள். அது பாலூட்டலுக்குப் பாதுகாப்பானது. ஆனால் குளிசை போட்டும் பெறுபேறு இறங்கவில்லை என்றால், அநேகமாகப் போடும் முறையில்தான் பிழை. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்தும் கல்சியமும் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். தைரொக்சினை விடிய 5 மணிக்கு வெறும் தண்ணீருடன், கல்சியத்தை மத்தியானச் சாப்பாட்டோடு, இரும்பை இரவில் என்று பிரித்துக்கொள்ளலாம். தேத்தண்ணீருக்கு அரை மணித்தியாலமாவது பொறுங்கள். பிள்ளை அழுது விடிய நேரம் தவறுகிறதா? இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணித்தியாலம் கழித்துப் போட்டாலும் சரி (அப்போது இரும்பைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்), தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். மறந்தால் நினைவு வந்ததும் அன்றே போடுங்கள்; மறுநாள் இரண்டாகப் போடவேண்டாம். தகரக் கூரைக்கு அடியிலோ அடுப்படித் தட்டிலோ குளிசையை வைக்காதீர்கள். வெக்கையிலும் ஈரத்திலும் அதன் வீரியம் போய்விடும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் மீண்டும் சோதனை. குளிசை தொடங்கி 6 முதல் 12 மாதமானதும் வைத்தியர் அளவைக் குறைத்துப் பார்ப்பார், தானாக நிறுத்தக்கூடாது.

சாப்பாட்டில் மறிக்க அதிகமில்லை. சரக்குக் கறி சாப்பிடலாம், நன்றாக அவித்த மரவள்ளியும் கோவாவும் சாப்பிடலாம். உப்பு அயடின் சேர்த்ததாக இருக்கவேண்டும். உப்பளத்திலிருந்து நேரே வாங்கும் கல்லுப்பில் அது போதாது. மூடிய போத்தலில் வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள். அயடின் குளிசையை அளவுக்கு மீறிப் போடுவது இந்த நோயைக் கூட்டவே செய்யும்.

மனம் இருண்டு, உயிரை மாய்க்கும் எண்ணமோ பிள்ளைக்குத் தீங்கு செய்யும் எண்ணமோ வந்தால் சோதனைப் பெறுபேற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். மனநல உதவி எண் 1926க்கு அழையுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ என்றால் அம்புலன்சுக்கு 1990.

பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்தில் சுரப்பி தேறிவிடும். ஆனால் சிலருக்கு நிரந்தரக் குறைபாடாக நின்றுவிடும். தேறியவர்களுக்கும் வருடங்கள் கழித்து வரலாம். அதனால் வருடத்துக்கு ஒரு ரி.எஸ்.எச். செய்யுங்கள். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போது கருத்தரிக்க முன்னரே சோதித்து, அந்தத் துண்டைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து முதல் வரவிலேயே காட்டுங்கள்.