வலைத்தளப் பணிக்கு எந்த இயங்குதளம்? விண்டோஸுக்குள் லினக்ஸ் அமைக்கும் முறை

நீங்கள் எழுதும் தளம் கடைசியில் எந்த வழங்கியில் (தளத்தை இணையத்தில் தரும் கணினியில்) ஓடப்போகிறது என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதன் இயங்குதளம் லினக்ஸாகவே இருக்கும். லினக்ஸ் கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தும். விண்டோஸும் மேக்கும் இயல்பான அமைப்பில் வேறுபடுத்துவதில்லை. ஆகவே உங்கள் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த படம், தளத்தை ஏற்றிய பிறகு 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்று நிற்கக்கூடும்.

அடுத்து, கையில் உள்ள கணினி. ஐபோனைக் கேபிளில் இணைத்து சஃபாரியில் பக்கத்தைச் சோதிக்க வேண்டிய வேலை இருந்தால் மேக் தேவை; அது இல்லாதவர் இதற்காகவே மேக் வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய மடிக்கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்டை நேரடியாக நிறுவிவிடலாம். எட்டு ஜிபி நினைவகத்துடன் விண்டோஸ் 11 இருந்தால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2 போதும். இரண்டு இயங்குதளங்களை அருகருகே நிறுவி மாற்றி மாற்றித் திறக்கும் முறையைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையுடன் திறந்து, டபிள்யூஎஸ்எல் என்பதைச் சிறிய எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகளை ஒட்டி இன்ஸ்டால் என்று கொடுத்தால், கணினியை மறுதொடக்கம் செய்தபின் உபுண்டு என்ற லினக்ஸ் வகை வந்துவிடும். மெய்நிகராக்கம் (ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டும் வசதி) பற்றிய பிழை வந்தால், கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பான பயாஸில் அதை இயக்க வேண்டும். உபுண்டு கேட்கும் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றும் தோன்றாது. கணினி உறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

இனிதான் கவனமாக இருக்க வேண்டிய படி. டெர்மினலில், அதாவது உபுண்டுவின் கட்டளைச் சாளரத்தில், தெரியும் பாதை எம்என்டி என்று தொடங்கினால், நீங்கள் இன்னும் விண்டோஸின் டிரைவில்தான் நிற்கிறீர்கள். திட்டக் கோப்புறையை அங்கேயே வைத்தால், நிரல் தொகுப்புகளை இறக்கித் தரும் கருவியான என்பிஎம் இறக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளில் ஒவ்வொன்றும் இரு இயங்குதளங்களுக்கும் இடையே உள்ள எல்லையைக் கடந்து போய்வர வேண்டியிருப்பதால், நிறுவல் ஆமை வேகத்தில் நகரும். அதோடு, கோப்பு மாறிய செய்தி லினக்ஸ் பக்கம் சரிவர எட்டாததால், சேமித்தவுடன் உலாவி தானாகப் புதுப்பிக்கப்படாது. குறை உங்கள் நிரலில் இருப்பதாக நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள். எனவே முதலில் சிடி என்ற கட்டளையை மட்டும் கொடுத்து, லினக்ஸில் உங்கள் சொந்தக் கோப்புறையைக் காட்டும் ~ குறி தெரிகிறதா என்று பார்த்து, அதன் பிறகே கோப்புறையை உருவாக்குங்கள். அந்தக் கோப்புகளை விண்டோஸில் காண, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கத்தில் பென்குயின் படத்துடன் உள்ள லினக்ஸ் பகுதியைத் திறக்கலாம்.

நிரல் எழுதித் திருத்தும் மென்பொருளுக்கு விஎஸ் கோடையே சொல்வேன். அதில் டபிள்யூஎஸ்எல் நீட்சியை (கூடுதல் வசதி தரும் இணைப்பை) நிறுவி, இடது கீழ்மூலையில் உபுண்டுவின் பெயர் தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: விண்டோஸில் எழுதிய ஷெல் கோப்பு (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) உபுண்டுவில் ஓட மறுப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். வரி முடிவுக் குறியே காரணம்; விண்டோஸ் பயன்படுத்துவது சிஆர்எல்எஃப், லினக்ஸ் பயன்படுத்துவது எல்எஃப். விஎஸ் கோடின் வலது கீழ்மூலையில் சிஆர்எல்எஃப் என்றிருப்பதைச் சொடுக்கி எல்எஃப் என்று மாற்றிச் சேமித்தால் கோப்பு ஓடும்.