கார்ல ஆம்ப் மாட்டுறீங்களா? பேட்டரில இருந்து பவர் எடுக்கிறது எப்படின்னு முதல்ல பாத்துடலாம்

ஆம்ப்புக்கும் (பாட்டு சிக்னலைப் பெருசாக்குற ஆம்ப்ளிஃபையர்) சப்வூஃபருக்கும் (பேஸுக்குன்னு இருக்கிற ஸ்பீக்கர்) தாராளமா செலவு பண்ணிட்டு, அதுக்குக் கரண்ட் கொண்டு போற வயர்ல போய் கஞ்சத்தனம் பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க. பேட்டரில இருந்து என்ன வருதோ அதைத்தான் ஆம்ப் சத்தமா மாத்தி குடுக்கும், வரவேண்டியது சரியா வரலைன்னா எவ்ளோ நல்ல ஆம்ப்பா இருந்தாலும் பேஸ் அடிக்கிறப்ப திணறும். அதனால ஸ்பீக்கர் பக்கமே போகாம, பேட்டரில இருந்து டிக்கி வரைக்கும் பவர் கொண்டு வர்றதை மட்டும் சொல்றேன்.

1. எவ்ளோ கரண்ட் வேணும்னு கணக்கு போடுங்க

டப்பா மேல பெருசா போட்டிருக்கிற "மேக்ஸ்" வாட்ஸை விட்டுடுங்க, மேனுவல்ல ஆர்எம்எஸ் வாட்ஸ்னு இருக்கும், அதாவது ஆம்ப் தொடர்ந்து குடுக்கக்கூடிய பவர், அதுதான் கணக்கு. உதாரணத்துக்கு 500 வாட்ஸ் ஆர்எம்எஸ், கிளாஸ் டி ஆம்ப்னு வெச்சுக்கலாம் (கிளாஸ் டி, கிளாஸ் ஏபின்னு சொல்றது ஆம்ப் உள்ள வேலை செய்ற விதத்தை). கிளாஸ் டி உள்ள வாங்குறதுல சுமார் 80 சதவீதத்தை வெளிய குடுக்கும், ஆக 500ஐ 0.8ஆல வகுத்தா 625 வாட்ஸ், இன்ஜின் ஓடுறப்ப வோல்டேஜ் சுமார் 13.8, அதால வகுத்தா 45 ஆம்பியர். அதே 500 வாட்ஸ் கிளாஸ் ஏபி ஆம்ப்னா கிட்டத்தட்ட பாதி சூடாவே போயிடும், 65 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். கணக்கு போட சோம்பலா இருந்தா ஆம்ப்லயே இருக்கிற ஃபியூஸைப் பாருங்க, 30 ஆம்பியர்ல ரெண்டு இருந்தா அதிகபட்சம் 60னு எடுத்துக்கலாம்.

2. வயர்

கேஜ்னா வயரோட தடிமன் அளவு, நம்பர் குறையக் குறைய வயர் தடிமனா இருக்கும். 8 கேஜ் வயர்ல 5 மீட்டர் தூரத்துக்கு 45 ஆம்பியர் போனா, போற வழியிலேயே கிட்டத்தட்ட அரை வோல்ட் காணாம போயிடும். 4 கேஜ்ல, அதாவது சுமார் 21 சதுர மில்லிமீட்டர் வயர்ல, இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் கம்மி. அதனால இந்த அளவு ஆம்ப்புக்கு 4 கேஜ் போடுங்க.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், பாக்க செம்பு மாதிரியே இருக்கும், ஆனா உள்ள அலுமினியம், மேல மட்டும் செம்பு பூச்சு, அப்படி நிறைய வயர் விக்குது. ஒரு இழையை எடுத்து பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். அதுதான் கிடைச்சுதுன்னா ஒரு சைஸ் பெருசா வாங்கிக்கங்க.

3. ஃபியூஸ், பேட்டரிக்குப் பக்கத்துலயே

இதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. பேட்டரி பிளஸ்ல இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள ஃபியூஸ் ஹோல்டர் வரணும். ஆம்ப்லதான் ஃபியூஸ் இருக்கே, இது எதுக்குன்னு கேப்பாங்க. வயர் நடுவுல எங்கயாவது உரசி, மேல் தோல் கிழிஞ்சு பாடில பட்டா பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரை அப்படியே கொட்டும், வயர் பழுத்து தீ புடிக்கும், ஆம்ப்ல இருக்கிற ஃபியூஸ் அந்தப் பக்கம் கடைசில இருக்கிறதால அதுக்கு ஒண்ணுமே தெரியாது. பேட்டரி கிட்ட இருக்கிற ஃபியூஸ் காப்பாத்துறது வயரை, அதனால வயர் தாங்குறதுக்கு மேல போடக்கூடாது. நம்ம உதாரணத்துக்கு 60 போதும். அது போச்சுன்னா காரணத்தைத் தேடுங்க, 100ஐ எடுத்து சொருகாதீங்க.

4. வயரை உள்ள இழுக்கிறது

பேட்டரி மைனஸை முதல்ல கழட்டிடுங்க. பிளஸ்ஸை முதல்ல கழட்டுனா ஸ்பானர் தவறி பாடில பட்டதும் ஷார்ட் ஆகும். இன்ஜின் ரூம்ல இருந்து உள்ள போற ஓட்டைல ஏற்கனவே ரப்பர் புஷ் இருக்கும், முடிஞ்சவரை அது வழியாவே விடுங்க, புதுசா ஓட்டை போட்டா அதுக்கும் ரப்பர் போடாம வயரை விடாதீங்க, தகரத்தோட விளிம்பு கத்தி மாதிரி. கதவுக்கு அடில இருக்கிற பிளாஸ்டிக்கைத் தூக்கி வயரை ஓட்டிக்கிட்டே டிக்கிக்குப் போங்க. மஞ்சள் கலர் ஸ்லீவ் போட்ட வயர் கண்ணுல பட்டா அதைத் தொடாதீங்க, ஏர்பேக் வயரா இருக்கும். செட்ல (முன்னாடி இருக்கிற கார் ஸ்டீரியோ) இருந்து பாட்டு சிக்னலை ஆம்ப்புக்குக் கொண்டு வர்ற ஆர்சிஏ கேபிளை எதிர்ப்பக்கமா கொண்டு போங்க, பவர் வயரோட ஒட்டிப் போனா இரைச்சல் வரலாம்.

5. எர்த்

ஆம்ப் மைனஸைக் கார் பாடியோட சேக்கிறதுதான் எர்த். நான் பாத்த வரைக்கும் பாதிப் பிரச்சனை இங்கதான். நண்பர் ஒருத்தர் கார்ல ஒவ்வொரு பேஸ் அடிக்கும் ஆம்ப் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வந்துச்சு, ஆம்ப் போச்சுன்னு புதுசு வாங்கவே கிளம்பிட்டாரு. எர்த் போல்ட்டைக் கழட்டிப் பாத்தா லக்குக்கு (வயர் முனைல போல்ட் மாட்டுற உலோக வளையம்) அடில கார் பெயின்ட் அப்படியே பளபளன்னு இருக்கு, போல்ட்டோட மரை வழியா மட்டும்தான் கரண்ட் போயிருக்கு, லக் ஓரம் சூட்டுல நிறம் மாறிப் போயிருந்துச்சு. உப்புத்தாள் வெச்சு ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் தேச்சு, அதே போல்ட்டைத் திரும்ப முறுக்குனோம், அவ்ளோதான், அன்னைக்கு முழுக்க ஆஃப் ஆகவே இல்ல.

அதனால ஆம்ப்ல இருந்து அரை மீட்டருக்குள்ள பாடியோட கெட்டியான இடமா பாருங்க, பெயின்ட்டை சுத்தமா எடுங்க, பிளஸ்ல போட்ட அதே கேஜ் வயர்ல லக் வெச்சு இறுக்குங்க, முடிச்சதும் துரு புடிக்காம இருக்க மேல பெயின்ட்டோ கிரீஸோ தடவிடுங்க. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது, அது உயிர் காக்கிற போல்ட். புதுசா ட்ரில் போடுறதா இருந்தா கீழ குனிஞ்சு பெட்ரோல் டேங்க் எங்க இருக்குன்னு பாத்துட்டு போடுங்க.

6. ரிமோட் வயர்

செட் ஆன் ஆனா ஆம்ப்பையும் ஆன் பண்ணச் சொல்ற மெல்லிசு வயர் இது, பெரும்பாலும் நீலத்துல வெள்ளைக் கோடு. இதை நேரா பேட்டரி பிளஸ்ல குடுத்துடாதீங்க, ஆம்ப் ராத்திரி பூரா ஆன்லயே கிடந்து காலைல வண்டி ஸ்டார்ட் ஆகாது.

7. ஆன் பண்ணி செக் பண்ணுங்க

ஆம்ப்ல பிளஸ், மைனஸ், ரிமோட் மூணையும் முறுக்கிட்டு, பேட்டரி மைனஸை மாட்டி, கடைசியாதான் ஃபியூஸை சொருகணும். அப்ப சின்னதா ஒரு பொறி வரும், ஆம்ப்புக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுறதுதான் அது, பயப்படாதீங்க.

இன்ஜினை ஓட விட்டு, பாட்டை சத்தமா வெச்சு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல போட்டு ஒரு முனையை ஆம்ப் மைனஸ்லயும் இன்னொண்ணை பேட்டரி மைனஸ்லயும் வைங்க, எட்டலைன்னா ஒரு நீள வயரைச் சேத்துக்கங்க. 0.1, 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லா இருக்கு. அரை வோல்ட் காட்டுச்சுன்னா அஞ்சாவது வேலைக்குத் திரும்பப் போங்க.

ஒரு வாரம் ஓட்டுனதுக்கு அப்புறம் ஃபியூஸ் ஹோல்டர், ஆம்ப் டெர்மினல், எர்த் போல்ட் மூணையும் இன்னொரு தடவை முறுக்குங்க. வயர் இழைங்க அமுங்கி செட்டில் ஆகியிருக்கும், பெரும்பாலும் கால் சுத்தாவது உள்ள போகும்.