பின்தொடர்தல், அத்துமீறி நுழைதல்: தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு

நீதித்துறை நடுவர் சிறைத்தண்டனை விதித்தால், தீர்ப்பின் நகலை அன்றே இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை, கேட்டு வாங்கிவிடுங்கள். அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்களே அவகாசம். நகல் பெற ஆகும் காலம் இந்த 30 நாள் கணக்கில் சேராது என்றாலும், அதை நம்பி நாளைக் கடத்துவது அறிவுடைமை ஆகாது.

விசாரணையின்போது பிணையில் இருந்து, தண்டனையும் மூன்றாண்டுக்கு மிகாமல் இருந்தால், மேல்முறையீடு செய்யும் எண்ணத்தைத் தெரிவித்து, தண்டித்த நடுவரிடமே அன்று பிணை கோரலாம். பின்னர் மேல்முறையீட்டு மனுவுடன் தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். தண்டனை நிறுத்தப்படுவதால் குற்றத்தீர்ப்பு அழிந்துவிடாது. வேலைக்கு இனி ஆபத்தில்லை என்று நினைத்து அரசு ஊழியர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

வழக்கின் உயிர் மேல்முறையீட்டுக் காரணங்களில் இருக்கிறது. 'தீர்ப்பு சட்டத்துக்கு முரணானது' என்ற வழக்கமான வரி மட்டும் போதாது. பின்தொடர்தல் குற்றத்துக்கு, பின்தொடரப்பட்டதாகச் சொல்லப்படும் பெண் தெளிவாக விருப்பமின்மையைக் காட்டிய பிறகும் தொடர்பு கொள்ள மீண்டும் மீண்டும் முயன்றது நிரூபிக்கப்பட வேண்டும் (இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது தனி வகை). ஒரேயொரு சந்திப்பு மட்டும் சாட்சியத்தில் இருந்தால், அந்தச் சாட்சியின் குறுக்கு விசாரணை வரியையே எடுத்துக்காட்டுங்கள். அத்துமீறலில், வாசலைத் தாண்டியது மட்டும் குற்றமல்ல; குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை தரவோ நோக்கம் இருந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் திரைப்பதிவுகளுக்கு மின்னணுச் சான்றுகளுக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழ் (பதிவு எந்தக் கருவியில், எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிசெய்வது) இணைக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள்.

புகார்தாரரை நேரில் சந்தித்துச் சமாதானம் பேச முயலவே வேண்டாம்.