மௌன காலத்து கௌபாய் படம் பாக்கணுமா, இப்படி ஆரம்பிங்க

சிவகாசி காமிக்ஸ்ல கௌபாய் கதை படிச்சு வளந்த ஆளுக நம்ம மதுரைப் பக்கம் எக்கச்சக்கம், ஆனா வசனமே இல்லாத காலத்து வெஸ்டர்ன் பாத்தவங்கள விரல் விட்டு எண்ணிரலாம். மட்டமான பிரிண்ட்ல ஆரம்பிச்சா பத்தே நிமிசத்துல வெறுத்துரும், அதான் சொல்றேன்.

மொதல்ல 1903ல வந்த ‘தி கிரேட் டிரெயின் ராபரி’. பன்னெண்டு நிமிசம் போல வரும், யூடியூப்ல சும்மாவே கெடக்கு. கொள்ளை, துரத்தல் எல்லாம் முடிஞ்சப்புறம் மீசைக்காரன் ஒருத்தன் நேரா நம்ம மூஞ்சியப் பாத்து சுடுவான், கதைக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. அந்த ஷாட்ட மொதல்ல போடுறதா கடைசில போடுறதான்னு தியேட்டர்காரங்க இஷ்டத்துக்கே விட்டுட்டாங்களாம், என்னா தெனாவட்டு பாருங்க.

ஆளுக குடுகுடுன்னு ஓடுறாங்களா? அது படத்தோட குத்தமில்ல. அப்ப கேமராவ கையால சுத்துனாங்க, நெறைய படம் செகண்டுக்கு 16, 18 ஃபிரேம்தான், அத 24ல ஓட்டி ஏத்திவிட்டுருப்பாய்ங்க. ஸ்பீட 0.75ல வைங்க, நடை சரியாயிரும். பின்னாடி ஏதாச்சும் பியானோ நச்சரிச்சா மியூட் பண்ணிருங்க, பாவமே இல்ல. வீட்ல பெரியவங்க கூட உக்காந்தா வசனம் எழுதிப் போடுற எழுத்து அட்டை வர்றப்ப ஒருத்தர் தமிழ்ல சத்தமா சொல்லுங்க, நம்மூர் கொட்டகைலயும் அப்படித்தான் படிச்சுக் காட்டுனாங்க.

தேடுனது கெடைக்கலேன்னா மனச விட்டுராதீங்க. அந்தக் கால நைட்ரேட் பிலிம் பொசுக்குன்னு தீப்பிடிக்கும், 1937ல நியூஜெர்சில ஃபாக்ஸ் கம்பெனி குடோன் எரிஞ்சதுல கௌபாய் ஹீரோ டாம் மிக்ஸ் படங்க நெறைய போச்சு. 2013ல அமெரிக்க காங்கிரஸ் லைப்ரரி கணக்கெடுத்தப்ப அமெரிக்காக்காரங்க எடுத்த முழுநீள மௌனப் படங்கள்ல 14 சதவீதந்தான் மூல வடிவத்துல முழுசா இருந்துச்சு. நம்ம கதை இன்னும் மோசம், தென்னிந்தியாவோட மொத மௌனப் படம், நடராஜ முதலியாரோட ‘கீசக வதம்’, மிஞ்சவே இல்ல. ஜான் ஃபோர்டு 1917ல எடுத்த ‘ஸ்ட்ரெயிட் ஷூட்டிங்’ காணாமப் போயி பல வருசம் கழிச்சு செக்கோஸ்லோவாக்கியால ஆப்புட்டுச்சு, அதனால வேற நாட்டு ஆர்க்கைவ் பக்கமும் ஒரு எட்டு பாருங்க.

ஆனா என்னையக் கேட்டா மௌன கால கௌபாய் ஹீரோன்னா வில்லியம் எஸ். ஹார்ட்தான். 1925ல வந்த ‘டம்பிள்வீட்ஸ்’ல நெலம் பிடிக்க வண்டியும் குதிரையுமா கூட்டமா பாயுற சீனுக்காகவே பாக்கலாம், கிராபிக்ஸ் கிடையாது, அம்புட்டும் நெசம். 1939ல மறுபடி ரிலீஸ் பண்ணப்ப எழுபது தாண்டுன ஹார்ட்டே முன்னாடி நின்னு பேசுற பகுதி ஒண்ண சேத்துருக்காங்க, சில காப்பில அதான் மொதல்ல வரும், அதத் தள்ளிவிட்டு படத்தப் பாத்துட்டு அப்புறமா வந்து கேளுங்க.