தொட்டியில் தும்பை வளர்க்க, முதலில் விதையைக் கண்டுபிடியுங்கள்

பிரதோஷத்துக்குத் தும்பைப்பூ வேண்டும் என்று அம்மா கேட்பார். வீட்டுக்குப் பின்னால் இருந்த தரிசில் கேட்பாரற்றுக் கிடந்த செடி. பிளாட் போட்டுக் கல் ஊன்றியதும் போய்விட்டது. சரி, மாடியில் நாமே வளர்க்கலாம் என்று இறங்கினேன். மூன்றாவது வருடம்தான் பூவைப் பார்த்தேன்.

முதலில் அடையாளம். கடையில் தும்பை விதை என்று நான் வாங்கியது காசித்தும்பை. இளஞ்சிவப்பாகப் பூத்த பிறகுதான் தெரிந்தது. அது பால்சம், வேறு குடும்பம். கவிழ்தும்பையும் வேறுதான், பூ தலைகவிழ்ந்து தொங்கும். நம் தும்பை துளசி, புதினாவுக்குச் சொந்தம். தண்டை விரலிடுக்கில் உருட்டினால் உருளாது, நான்கு பட்டை தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக இருக்கும். கணுவைச் சுற்றிப் பந்துபோல் பச்சைக் குப்பிகள், அவற்றிலிருந்து நாக்கு நீட்டியதுபோல் வெள்ளைப் பூ.

மழை முடிந்ததும் கண்மாய்க்கரை, வயல் வரப்பு, ரோட்டோரம் என்று பாருங்கள். தண்ணீர் தேங்காத, வெயில் நன்றாக விழும் இடமாக இருக்க வேண்டும். மர நிழலில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்தது விதை எடுப்பது. நான் கோட்டைவிட்டது இங்கேதான். நன்றாகக் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நின்ற பந்துகளாகப் பொறுக்கி, கசக்கி, அப்படியே தூவினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. தூவியது அத்தனையும் பதர்! ஒவ்வொரு குப்பியின் அடியிலும் நான்கு விதைகள்தான் உட்கார்ந்திருக்கும். குப்பி காய்ந்ததும் அவை கழன்றுவிடும், காற்றில் செடி ஆடினால் கொட்டிவிடும். நான் பொறுக்கியது காலிக் குப்பிகளை.

அதனால் கீழ்ப்பந்துகள் பழுப்பாகி, மேலே இன்னும் பூ இருக்கும்போதே தண்டோடு வெட்டுங்கள். தலைகீழாகக் காகிதக் கவருக்குள் போட்டு, ஒரு வாரம் நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் வெள்ளைத் துணிமேல் தட்டினால் எள்ளைவிடக் கொஞ்சம் சிறிய, மழமழப்பான பழுப்பு விதைகள் விழும். குப்பிகள் விரலை உறுத்தும். லூகாஸ் ஆஸ்பெரா என்ற தாவரவியல் பெயரில் ஆஸ்பெரா என்றாலே சொரசொரப்புதான். சலிக்கச் சல்லடை வாங்க வேண்டாம், முறத்தில் இரண்டு புடை போதும்.

ஐப்பசியில் முதல் மழைக்கு முன் விதையுங்கள். செம்மண்ணில் பாதிக்குப் பாதி மணல், அவ்வளவுதான். இரண்டாம் வருடம் பாசத்தில் மண்புழு உரம் போட்டேன். இலையாகக் கொழுத்ததே தவிர பூவைக் காணோம். விதையைப் புதைக்காமல் தூவி, மேலே மெல்லிசாக மணல். தண்ணீர் பூவாளியில்தான். ஹோஸைப் பிடித்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். முளைத்த பின் சாணுக்கு ஒரு செடி விட்டு மற்றதைக் கலைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: பூத்து முடிந்ததும் செடி கருகுகிறது, என்ன நோய் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நோய் இல்லை, அதன் ஆயுள் அவ்வளவுதான். பிடுங்கும் முன் நாலு பந்தை விட்டுவையுங்கள், தானாக உதிர்ந்து அடுத்த மழைக்கு வரும். எனக்கு இந்த வருடம் பக்கத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் இரண்டு முளைத்தன. ஒன்றை அம்மாவே களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டார்.